ம் கொட்டியவள்

அருள்மலை மருத்துவமனையில் 'ம்' என்று சொல்லி முடிக்க ஜெபக்கனிக்கு இரண்டு நாள் பிடித்தது.

மற்ற வாக்கியங்கள் சுலபமாகவே முடிந்திருந்தன. "நீர் மாத்திரை போட்டீயளா ஐயா?", "காலு வீக்கம் வத்திருக்கா?", "உப்பக் கொறைங்கன்னு சொன்னோம்லா?" இப்படி ஆயிரக்கணக்கில். எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில் தெர்மோகோல் ஒட்டிய ஓர் அறையில் உட்கார்ந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரியும் ஹரிகேஷின் கட்டைவிரலைப் பார்த்தபடி படித்துத் தள்ளிவிட்டாள். இருபது வருஷமாக இதய வார்டில் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்விகள்தானே.

'ம்'தான் கஷ்டப்படுத்தியது.

"இது வெறும் 'ம்' சிஸ்டர். எனக்கு அனுதாபப்படுற 'ம்' வேணும்," என்றான் ஹரிகேஷ். சென்னையிலிருந்து வந்து இறங்கியிருந்த அவனுக்கு நோயாளி நெருக்கத் துறைத் தலைவர் என்று பதவி. அப்படி ஒரு துறை உலகத்தில் உண்டு என்பதே அவன் வந்த பிறகுதான் தென்காசிக்குத் தெரியும். "அடுத்தது ஆச்சரிய 'ம்'. அப்புறம், நீங்க அடுப்பு வேலையா இருக்கீங்க, ஆனா காது போன்லதான் இருக்கு, அந்த மாதிரி ஒண்ணு."

"கேக்காமலே கேக்குற மாதிரியா சார்?"

"எக்ஸாக்ட்லி!"

அது அவளுக்குக் கைவந்த கலை. மஸ்கட்டிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் கூப்பிடும் கணவன் தங்கத்துரையும் அவளும் பல வருஷமாக அந்த 'ம்'மில்தான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள். "சாப்டியா?" "ம்." "வேற?" "ஒண்ணுல்ல." "சரி, வையி." அவ்வளவுதான். சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை போடக்கூட இரண்டு வாக்கியம் அதிகம் பேச வேண்டுமே.

பதிவு முடிந்த அன்று அவளுக்குப் பொன்னாடை போர்த்தி, ஐந்து லிட்டர் பிரஷர் குக்கர் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்தும் வாங்கினார்கள். இனி இந்தக் குரலின் வணிகப் பயன்பாடு, உணர்வுப் பயன்பாடு இரண்டும் மருத்துவமனைக்கே சொந்தம் என்று அதில் இருந்தது.

"அப்ப நான் வீட்டுல பேசலாமா சார்?" என்று விளையாட்டாகத்தான் கேட்டாள்.

ஹரிகேஷ் விளையாடவில்லை. தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சொந்த உபயோகத்துக்குத் தடை இல்ல சிஸ்டர்," என்றான்.

அவள் குரலில் இனி பேசப்போகும் மெஷினுக்கு அன்பினி என்று பெயர் வைத்தார்கள்.

*

அன்பினியின் வேலை, வீட்டுக்குப் போன நோயாளிகளைக் கூப்பிட்டு நலம் விசாரிப்பது. நோயாளியின் கையில் ஒரு பட்டை, காலடியில் ஓர் எடைக்கருவி. இரண்டும் சொல்வதை வைத்து அவருக்கு ஒரு நிறம் விழும். நிலைமை மோசமென்றால் சிவப்பு: அன்பினி தினம் மூன்று வேளை கூப்பிடுவாள். சுமார் என்றால் மஞ்சள்: வாரம் ஒருமுறை. தேறிவிட்டால் பச்சை: பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒரு வாழ்த்துச் செய்தி.

முதலில் அன்பினி கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுத் தானே போனை வைத்துவிடுவாள். ஊரே கொதித்துவிட்டது. "மூஞ்சில அடிச்ச மாதிரி வச்சுட்டா. வைக்கட்டான்னு ஒரு வார்த்த கேக்கப்படாதா?" என்று சங்கரன்கோவிலிலிருந்து பஸ் ஏறி வந்து சண்டை போட்டவர்கள் உண்டு. இந்தப் பக்கத்தில் போனை வைக்க எதிராளி உத்தரவு கொடுக்க வேண்டும் என்பது சென்னைக்காரனுக்கு எப்படித் தெரியும்? ஹரிகேஷ் அதையும் சேர்த்தான். அன்று முதல் அன்பினி, "வச்சிரட்டா ஐயா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். "சரி, வைம்மா," என்று சொல்லும்வரை, விடிய விடிய ஆனாலும் வைக்க மாட்டாள்.

அதற்குப் பிறகுதான் அழைப்புகள் நீள ஆரம்பித்தன. மாதக் கூட்டத்தில் ஹரிகேஷ் திரையில் ஏறுமுகமான கோடு ஒன்றைக் காட்டினான். மருத்துவமனைத் தலைவர் டாக்டர் தர்மசேகரன், "நெருக்கம்! இதுதான் நெருக்கம்!" என்று மேசையைத் தட்டினார். ஸ்கேனிலிருந்து கண்ணை எடுத்து நோயாளியின் முகத்தைப் பார்த்து அவருக்குப் பழக்கமில்லை. ஆகையால் நெருக்கத்தைக் கோடாகப் பார்ப்பதில் அவருக்கு ஒரு நிம்மதி. நோயாளிகள் பேசுவதைக் கேட்க அங்கே ஆள் கிடையாது. பேச்சின் நீளத்தை அளக்க ஆறு பேர் இருந்தார்கள்.

அன்பினி வந்த பிறகு ஜெபக்கனிக்கு வார்டு வேலையோடு கூட, 'மனித அழைப்பு' என்று ஒரு பொறுப்பு. சிவப்பிலேயே கிடக்கும் நோயாளியை ஒரு நிஜ மனுஷி கூப்பிட வேண்டும் என்பது விதி. அதற்கென்று டூட்டி அறையில் ஒரு போன். நம்பர் அன்பினியுடையதேதான். கணக்கும் அன்பினி பேரில்தான் ஏறும். மனித அழைப்புக்குத் தனிக் கணக்கு வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை.

அப்படித்தான் ஒருநாள் ஆறுமுகநயினாரைக் கூப்பிட்டாள். செங்கோட்டைக்காரர். புனலூர் ரூட்டில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இதயம் பாதிதான் வேலை செய்கிறது. நீர் மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் சிக்கலில்லை. போடாவிட்டால் உடம்பில் நீர் கோத்து மூச்சு முட்டும். மூன்று மாதமாகச் சிவப்பு. மருத்துவமனையிலேயே அதிகப் பேச்சு நேரம் அவருடையதுதான் என்று ஹரிகேஷ் அவர் படத்தைக்கூட மாட்டி வைத்திருந்தான்.

"ஐயா, அருள்மலை ஆஸ்பத்திரியில இருந்து ஜெபக்கனி பேசுதேன்."

"பேர மாத்திட்டியாம்மா? அன்பினிதான் நல்லாருந்துச்சு."

"அது மெஷினு ஐயா. நான் நர்சு. நெசமான ஆளு."

"இப்ப எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ. பேங்க்ல இருந்து ஒருத்தி, அவளும் நெசமான ஆளுன்னுதான் சொன்னா." சிரித்தார். சிரிப்பின் நடுவே மூச்சு வாங்கியது. "சரி, எங்க விட்டேன்? ஆங், பஸ்ஸு புளியரை தாண்டிட்டு…"

"ஐயா, கதையெல்லாம் பொறவு. எடை ஏறிட்டே போவுது. மாத்திர போடுதீயளா இல்லியா? எனக்கு இன்னும் எட்டு பேரக் கூப்பிடணும்."



"காலைல நல்லாத்தான பேசுன?" என்றார் பெரியவர் மனத்தாங்கலோடு. "இப்பம் என்ன சிடுசிடுன்னு விழுத? ஏதோ ரிப்பேரு போலுக்கு. ஆளு வச்சுப் பாக்கச் சொல்லு."

உத்தரவு கொடுக்காமலே போனை வைத்துவிட்டார். ஜெபக்கனி போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தன் குரலிடமே தோற்றுப் போகிறவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

*

அடுத்த வாரம் அவரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். கால் இரண்டும் யானைக் கால் மாதிரி வீங்கி, உதடு நீலம் பாரித்து. நரம்பில் மருந்து ஏற்றி, ஆக்ஸிஜன் வைத்து, மூன்றாம் நாள் மூச்சு சீரானது.

"வலிக்குதா?" என்று ஊசியைச் சரிசெய்துகொண்டே கேட்டாள்.

கண்ணை மூடிக் கிடந்தவர் சட்டென்று திரும்பினார். முகத்தில் ஒரு வெளிச்சம். அப்புறம் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்: கொண்டை கலைந்த, கண்ணுக்குக் கீழே கறுத்த, நாற்பத்தைந்து வயது நர்ஸ். வெளிச்சம் இறங்கிவிட்டது.

"நீதானா அது?"

"நான்தான். போன்ல சொன்னேம்லா."

உற்றுப் பார்த்தார். "ஒனக்குக் கொரலு மட்டும்தான் அவ கொரலு," என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். வார்டில் அப்படி உட்காரக் கூடாது.

"ஏன் மாத்திர போடல?"

"போட்டா பச்ச ஆயிரும்லா."

"பச்ச ஆனா நல்லதுதான?"

"என்னத்த நல்லது? எடை கூடுனா மூணு நேரமும் பேசுதா. ரெண்டு நாளு ஒழுங்கா மாத்திரயப் போட்டா மஞ்சளு. வாரத்துக்கு ஒருக்க. பச்சன்னா பொங்கலுக்கு ஒரு வாழ்த்து, கரும்பு படம் போட்டு." மூச்சை இழுத்துக்கொண்டார். "எம்மவன் அனுப்புததும் அதே கரும்பு படந்தான். நானும் என்ன செய்ய? ரெண்டு துண்டு கருவாட்டச் சுட்டுத் தின்னுட்டு, மாத்திரய விட்டுருவேன். மறுநா காலைல டான்னு கூப்புடுவா. 'என்ன ஐயா, எடை கூடிருக்கே'ம்பா. அந்தக் கேள்விய வேற யாரு கேக்கா எங்கிட்ட?"

டாக்டர் சொல்லிவிட்டார், இன்னொரு தடவை இப்படி வந்தால் திரும்பிப் போவது சந்தேகம் என்று. ஜெபக்கனி ஹரிகேஷிடம் ஓடினாள்.

"சார், நயினாரு வேணும்னே மாத்திரய விடுதாரு. அன்பினி பேசணும்னு. இன்னும் எத்தன பேரு இப்படி விடுதாங்களோ. பச்சைக்கு வந்தவங்ககிட்டதான் சார் நிறையப் பேசணும். தலைகீழா இருக்கு."

ஹரிகேஷின் கண் கலங்கிவிட்டது. ஆனால் வேறு காரணத்துக்கு.

"உயிரையே பணயம் வைக்கிற அளவுக்கு ஈடுபாடா! சிஸ்டர், இது எந்த ஆஸ்பத்திரிலயும் நடந்ததில்ல. இத நான் கட்டுரையா எழுதணும்."

"அவரு செத்துருவாரு சார்."

"அது மருத்துவத் துறை. நான் நெருக்கம்." கணினிப் பக்கம் திரும்பினான். "டெல்லியில இருந்து விருதுத் தேர்வுக் குழு வர்ற வரைக்கும் எதையும் மாத்த முடியாது."

*

நயினார் வீட்டுக்குப் போன மறுநாள் சாயந்தரம், டூட்டி முடிந்ததும் ஜெபக்கனி மனித அழைப்பு போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டு குவார்ட்டர்ஸுக்குப் போனாள். ஏழு மணிக்கு, குக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு கூப்பிட்டாள்.

"வணக்கம் ஐயா. நான் அன்பினி பேசுதேன்."

ஒப்பந்தப்படி அது திருட்டு. தன் குரலைத் தானே எடுத்து உணர்வுப் பயன்பாடு செய்கிறாள். தெரிந்தால் வேலை போகும்.

"வந்துட்டியா தாயி?" பெரியவரின் குரலில் அந்த வெளிச்சம். "இன்னைக்கு எடை பாத்தியா? ஏறிருக்குமே."

"பாத்தேன் ஐயா. இனிமே புது ஏற்பாடு. எடை ஏறுன அன்னைக்கு மாத்திர விசாரிக்கதோட சரி, கதை கேக்கக் கூடாதுன்னு உத்தரவு. மாத்திர போட்டு, எடை எறங்குனாத்தான் நான் சாயந்தரம் கூப்பிடலாம்."

"இது என்ன கூத்து! யாரு போட்ட உத்தரவு?"

"பெரிய ஆளுவ போட்டது ஐயா. எனக்கென்ன தெரியும், நான் மெஷினு."

அவர் யோசித்தார். "பச்ச ஆனாலும் பேசுவியா?"

"பச்சைன்னா தெனமும்."

"ம்," என்றார். தண்ணீர்ச் செம்பு வைக்கும் சத்தம் கேட்டது. மாத்திரைத் தாள் கிழியும் சத்தமும்.

அதன் பிறகு தினமும் ஏழு மணி. எடை இறங்க இறங்க நிஜ அன்பினியின் அழைப்புகள் தினம் மூன்றிலிருந்து வாரத்துக்கு ஒன்றாகி, நின்றே போயின. அவளுக்கு மாத்திரையும் எடையும்தான் ஞாபகத்தில் நிற்கும். கதைகளை மறுநாள் வைத்துக்கொள்ள மாட்டாள். ஆகவே நயினார் எந்தக் கதையைச் சொன்னாலும் ஜெபக்கனி தைரியமாக முதல் தடவையாகக் கேட்டாள்.

எல்லாம் அவர் மனைவி சண்முகவடிவு சொன்ன கதைகள். புனலூரில் அவள் அக்கா வீடு. போக வர அவர் ஓட்டும் பஸ்ஸில்தான் ஏறுவாள். இஞ்சின் பெட்டிக்குப் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்துகொண்டு வழி நெடுகப் பேசுவாள்.

"பழைய வண்டி பாத்துக்கோ. இஞ்சின் போடுத சத்தத்துல பாதிதான் காதுல விழும். அவ சரியா புளியரைல ஆரம்பிப்பா. கதை முடியப்போற எடத்துல மலை ஏத்தத்து எஸ் வளைவு வந்துரும். நான் கியர மாத்தணும். கர்ருன்னு ஒரு சத்தம். அதுக்குள்ள அவ கதைய முடிச்சுட்டு வெளிய பாத்துட்டு இருப்பா. எத்தனையோ கத தாயி. ஒண்ணுக்குக்கூட முடிவு தெரியாது எனக்கு."

"பொறவு கேக்குறதுதான ஐயா?"

"பொறவு கேக்கலாம் பொறவு கேக்கலாம்னுதான் ஓட்டிட்டு இருந்தேன்."

ஜெபக்கனி 'ம்' என்றாள். அது எந்த வகை என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒருநாள் இலஞ்சிக்காரியின் மாடு தொலைந்த கதை. சாரல் காலத்தில் மேய விட்ட மாட்டைத் தேடி அவள் குற்றாலம் வரைக்கும் நடக்கிறாள். ஐந்தருவிப் பக்கத்தில் யாரோ பார்த்தேன் என்கிறார்கள். ஓடிப் போய்ப் பார்த்தால்… கர்ர்ர். எஸ் வளைவு.

"அங்க மாடு இல்ல ஐயா," என்றாள் ஜெபக்கனி தன்னை மறந்து. "அது அப்பவே வீட்டுக்குத் திரும்பிட்டு. இவளக் காணாம வாசல்ல நின்னு கத்திக்கிட்டு இருக்கு. ஊருக்கே தெரியும், இவளுக்கு மட்டும் தெரியாது. மாட்டத் தேடிக்கிட்டு இவ அங்க, இவளத் தேடிக்கிட்டு மாடு இங்க."

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தாள்.

"அதுதாம்ளா," என்றார் நயினார். "அதுதான் முடிவாருக்கும்."

இன்னொரு நாள், ஒரே நாளில் இரண்டு பேருக்கு நெஞ்சை அமுக்கி உயிரை மீட்ட நாள், உடம்பெல்லாம் நோக உட்கார்ந்து கூப்பிட்டாள். அவர் பஸ்ஸில் குழந்தை பிறந்த கதையைத் தொடங்கினார். மூன்று தடவை 'ம்' சொன்னது நினைவிருக்கிறது. விழித்தபோது போன் கன்னத்தில் ஒட்டிக் கிடந்தது. தொடர்பு அறுந்திருந்தது. அவர்தான் போனை வைத்திருக்கிறார்; அன்பினியிடம் ஒருநாளும் தானாக வைக்காதவர்.

மறுநாள் பயந்துகொண்டேதான் கூப்பிட்டாள். அவர் ஒன்றுமே கேட்கவில்லை. "எங்க விட்டேன்? அந்த மலையாளத்துப் பிள்ளைக்கு வலி வந்துட்டு," என்று, சரியாக அவள் மூன்றாவது 'ம்' சொன்ன இடத்திலிருந்து ஆரம்பித்தார். வயசான ஆள், மறந்திருப்பார் என்று அவள் தேற்றிக்கொண்டாள்.

*

இரண்டு மாதத்தில் நயினார் பச்சை ஆனார். அதோடு விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஹரிகேஷ் கோட்டைப் பார்த்துவிட்டான். பச்சை நோயாளி ஒருவரோடு அன்பினி தினமும் சாயந்தரம் ஏழு மணிக்குப் பேசுகிறாள்! அப்படிச் செய்யச் சொல்லி அவளுக்கு யாரும் கட்டளை கொடுக்கவில்லை!

"தானாகவே செய்யுது சார்!" என்று தலைவர் அறைக்குள் மூச்சிரைக்க நுழைந்தான். "குணமானவரையும் விட மனசில்லாம பேசுது. கருணை, சார். தானாகவே முளைச்ச கருணை."

பேச்சை எடுத்துக் கேட்டுப் பார்க்கலாமே என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கருணையைப் போய் யாராவது சரிபார்ப்பார்களா?

டெல்லித் தேர்வுக் குழு வந்தது. அரங்கத்தில், விட்டுவிட்டு எரியும் சிவப்பு விளக்கு வைத்த தெர்மோகோல் இதயம் ஒன்றை ஆளுயரத்துக்கு நிறுத்தியிருந்தார்கள். டாக்டர் தர்மசேகரன் தொழில்நுட்பத்துக்கும் ஓர் இதயம் உண்டு என்று முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு மேடைக்கு ஆறுமுகநயினாரை அழைத்தார்கள். வெளுத்த வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, கால் வீக்கம் சுத்தமாக வற்றி நடந்தே ஏறினார். எல்லோர் முன்னாலும் அன்பினி அவரோடு நேரடியாகப் பேசப் போகிறாள்.

கடைசி வரிசையில் ஜெபக்கனி சேலைத் தலைப்பைப் பிசைந்துகொண்டிருந்தாள். வேலை போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மேடையில் இருப்பது நிஜ மெஷின். இரண்டு மாதப் பேச்சில் ஒரு வார்த்தை அதற்குத் தெரியாது. இத்தனை பேர் முன்னால் அந்த மனுஷருக்குத் தெரியப் போகிறது, தினமும் சாயந்தரம் வந்தவள் இவள் இல்லை என்று. கதைகளை வாங்கிக்கொண்டது வார்டில் அவர் முகம் திருப்பிய கலைந்த கொண்டைக்காரி என்று. அப்புறம் அவர் மாத்திரையைத் தொடுவாரா?

"வணக்கம் ஐயா. நான் அன்பினி. சாப்டீயளா?" அரங்கமெல்லாம் அவள் குரல்.

"ஆச்சு."

"மாத்திர போட்டீயளா ஐயா?"

"ஆச்சு."

"வழக்கமா பேசுற மாதிரி ஒரு கதை சொல்லுங்க ஐயா," என்று ஹரிகேஷ் கிசுகிசுத்தான்.

பெரியவர் தொண்டையைக் கனைத்தார். இலஞ்சிக்காரியின் மாட்டை எடுத்தார். அன்பினி இடம் பார்த்து 'ம்' கொட்டினாள்: ஆச்சரிய 'ம்', அனுதாப 'ம்', அடுப்பு வேலை 'ம்'. ஒன்றுகூட இடறவில்லை. தேர்வுக் குழுவினர் காதில் மாட்டியிருந்த மொழிபெயர்ப்புக் கருவி ஒவ்வொன்றுக்கும் 'ஆம்', 'ஆம்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஐந்தருவிப் பக்கத்தில் யாரோ பார்த்தேன் என்கிறார்கள். அவள் ஓடிப் போகிறாள்.

அங்கே நிறுத்தினார்.

"பொறவு என்னாச்சு? நீ சொல்லு பாப்பம்."

ஜெபக்கனி கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீங்களே சொல்லுங்க ஐயா. நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்," என்றாள் அன்பினி இனிமையாக.

பெரியவர் ஒலிபெருக்கியைப் பார்த்தார். அப்புறம் கூட்டத்தைப் பார்த்தார், வரிசை வரிசையாக, அவசரப்படாமல், பின்னால் வரும் வண்டியைக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. கடைசி வரிசையில் அந்தப் பார்வை ஒரு கணம் நின்றது.

"பாத்தீயளா?" என்றார் குழுவிடம் சிரித்துக்கொண்டே. "முடிவு தெரிஞ்சாலும் சொல்லமாட்டா. என் வாயால வரணும்னு இருப்பா. அவ்வளவு மருவாதி."

கைதட்டல். குழுத் தலைவி, வெள்ளைத் தலை அம்மாள் ஒருத்தி, மொழிபெயர்ப்புக் கருவி வழியாகக் கேட்டாள்: "இந்தக் குரலிடம் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது?"

"ஒருநா கதை சொல்லிட்டே இருக்கேன்," என்றார் நயினார். "அப்படியே தூங்கிட்டா."

ஜெபக்கனியின் கை தலைப்பில் நின்றுவிட்டது.

"பொய்க்கு 'ம்' கொட்ட ஊருல எத்தனையோ பேரு உண்டு. வேலையெல்லாம் முடிச்சு, தூக்கம் சொக்கச் சொக்க உக்காந்து ஒருத்தருக்காக முழிச்சுக் கேட்டு, முடியாமத் தூங்கிருதது இருக்கே… அது பெரிசு. எனக்கு அது போதும்."

கூட்டம் சிரித்தது. ஹரிகேஷின் முகம் ஜொலித்தது. ஒலிபெருக்கியைப் பிடுங்கி, "தூக்கம்கூடக் கத்துக்கிட்டா! பார்த்தீங்களா, தூக்கம்கூட!" என்று கத்தினான். முன்வரிசையிலிருந்த அவன் ஆட்களில் ஒருவன் அதைக் குறித்துக்கொண்டான். அடுத்த பதிப்பில் அன்பினி மெலிதாகக் குறட்டை விடுவாள் என்று அப்போதே முடிவாகிவிட்டது.

"வச்சிரட்டா ஐயா?" என்று கேட்டாள் அன்பினி.

இந்தக் கேள்விக்கு நயினார் ஒருநாளும் முதல் தடவையிலேயே 'வை' என்று சொன்னதில்லை என்பதைத்தான் ஹரிகேஷ் பெரிய எழுத்தில் திரையில் போட்டிருந்தான்.

"வைம்மா," என்றார் பெரியவர். "வச்சிரு. ஒனக்கும் எத்தன பேரோ காத்துக் கெடப்பாவ."

*

அன்று சாயந்தரம் மனித அழைப்பு போன் டூட்டி அறையிலேயே இருந்தது. ஏழு மணிக்கு ஜெபக்கனி தன் சொந்த போனை எடுத்து, நம்பரை ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

"யாரு?"

"ஜெபக்கனி பேசுதேன் அண்ணாச்சி."

"ம்," என்றார். "பேரு நல்லாத்தான் இருக்கு. அன்னைக்கு நான் ஒழுங்காக் கேக்கல."

"மாத்திர போட்டீயளா?" என்றாள்.

"அத விடு. வார்டுல ஒன்ன ஒரு வார்த்த சொன்னேன். சொல்லிருக்கப்படாது."

"அன்னைக்கே தெரியுமா ஒங்களுக்கு? நான் தூங்குன அன்னைக்கே?"

"மாடு வீட்டு வாசல்ல நின்னு கத்துச்சே, அன்னைக்கே சந்தேகம். நீ தூங்குனதுல ஊர்ஜிதம். சின்னதா ஒரு கொறட்ட. நாலு வளைவு தூரம் அதக் கேட்டுட்டுத்தான் வச்சேன்." மெல்லச் சிரித்தார். "சண்முகவடிவும் அப்படித்தான். ஆரியங்காவு தாண்டுனா இஞ்சின் பெட்டில தலையச் சாச்சுத் தூங்கிருவா. கீழ எறங்குத வரைக்கும் கியரு சத்தம் கேக்காம மாத்துவேன். அந்த வண்டில அது லேசுப்பட்ட காரியமில்ல."

வெளியே யாரோ பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்கள். இரண்டு பேரும் அது போகட்டும் என்று காத்திருந்தார்கள்.

"எங்க கதையெல்லாம் தீந்துபோச்சு," என்றார் நயினார். "இன்னைக்கு நீ சொல்லு. நான் கேக்கேன்."

"எனக்கு என்ன இருக்கு அண்ணாச்சி சொல்லுததுக்கு? ஒண்ணுல்ல."

இந்த இடத்தில் மஸ்கட் என்றால், "சரி, வையி," என்று வந்திருக்கும். அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை. அந்தப் பக்கம் ஓர் ஆள் போனைக் காதோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற சத்தம்தான் கேட்டது. அப்படி ஒரு சத்தம் உண்டு என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது.

பக்கத்தில் குக்கர் பெட்டி, ஒட்டிய டேப் பிரியாமல்.

"ஆஸ்பத்திரியில எனக்கு ஒரு குக்கரு குடுத்தாவ," என்று ஆரம்பித்தாள். "பெட்டிய இன்னும் பிரிக்கல. அஞ்சு லிட்டரு. எனக்கு ஒருத்திக்கு அதுல என்னத்த வைக்க? தெனமும் தொடச்சு மட்டும் வச்சிருவேன்…"

"ம்," என்றார் பெரியவர்.

ஜெபக்கனி அந்த எக்ஸ்ரே அறைப் பக்கத்து இரண்டு நாளையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். இந்த 'ம்' அங்கே இல்லை. ஹரிகேஷ் கேட்டிருந்தால் இதற்கு என்ன பெயர் வைத்திருப்பானோ.

"ஒரு நா பிரிச்சேன்னு வையிங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே சொன்னாள்.